தாவரப் பாலில் நுரை பொங்கும் காபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசும்பாலை நிறுத்திவிட்டு சோயா, முந்திரி, ஓட்ஸ், தேங்காய்ப் பால் என்று மாறுகிறவர்களுக்குக் காபியில்தான் முதல் தகராறு வரும். ஒன்று, நுரை நிற்காது. இல்லையென்றால் பால் திரிந்துவிடும். புதுச்சேரி, கடலூர் வீடுகளில் இருக்கும் ஃபில்டர், டபரா, மிக்ஸி, இங்கே கிடைக்கும் சரக்கு, இங்கே குழாயில் வரும் தண்ணீர் இவற்றை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். பலரும் முதலில் கருவியைத்தான் கேட்கிறார்கள். முதலில் பால், அடுத்து சூடு, கடைசியில்தான் கருவி. அந்த வரிசையிலேயே போகலாம்.

எந்தத் தாவரப் பாலில் நல்ல நுரை வரும்?

சோயா. இதில் பெரிய விவாதம் தேவையில்லை.

காற்றுக் குமிழைச் சுற்றித் தோல் மாதிரி படிந்து அதை உடையாமல் பிடித்துவைப்பது புரதம். பசும்பாலில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 3.2 கிராம் புரதம் உண்டு. சோயா பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு, 3 முதல் 3.5 கிராம். ஓட்ஸ் பாலில் சுமார் 1 கிராம். பாக்கெட் பாதாம் பாலில் பெரும்பாலும் அதைவிடவும் குறைவு. தேங்காய்ப் பாலில் கொழுப்புதான் பிரதானம், புரதம் கொஞ்சம்.

அப்படியானால் கஃபேக்களில் ஓட்ஸ் பாலில் அவ்வளவு அழகாக நுரை வருகிறதே என்று கேட்கலாம். அது நுரைக்காகவே எண்ணெயும் உப்புகளும் சேர்த்துத் தயாரித்த பால். சாதாரண ஓட்ஸ் பாக்கெட்டை வாங்கி வந்து அதே மாதிரி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வீட்டில் அரைக்கும் பால்களில் எங்கள் வரிசை இது: சோயா முதலில், வேர்க்கடலையும் முந்திரியும் அடுத்து, ஓட்ஸ் அதற்கும் பின்னால், பாதாமும் தேங்காயும் கடைசி. ருசியை வைத்துப் போட்டால் வரிசை மாறும். அங்கே முந்திரிக்குத்தான் முதலிடம். அதனால்தான் இரண்டு பங்கு சோயா, ஒரு பங்கு முந்திரி என்ற கலவையைப் பரிந்துரைக்கிறோம். நுரைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று.

பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். முதலில் புரதம். 100 மி.லி.க்கு 3 கிராம் இருந்தால் நுரை நிச்சயம். 1 கிராமுக்குக் கீழே என்றால் வேறு உதவி இல்லாமல் நிற்காது.

அடுத்து, சேர்மானப் பட்டியலில் உள்ள ஐ.என்.எஸ். எண்கள், அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்கள். 340 என்பது பொட்டாசியம் பாஸ்பேட் வகை. காபியின் புளிப்பைத் தாங்கிக்கொண்டு பால் திரியாமல் காப்பது இதுதான். 331, 332 ஆகிய சிட்ரேட்டுகளும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். 418 ஜெல்லன் கம், 407 கராஜீனன். இவை பாலுக்குக் கொஞ்சம் கனம் கொடுத்து, அடியில் மண்டி தங்காமல் பார்த்துக்கொள்ளும். 322 லெசித்தின் எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும். சூரியகாந்தி எண்ணெய் அல்லது கடுகு வகை எண்ணெய் 2, 3 சதவீதம் இருந்தால் பயப்பட வேண்டாம். நுரைக்கு வழுவழுப்பு தருவது அது. ‘பாரிஸ்டா’ (காபியில் நுரைக்கவென்றே தயாரித்தது) என்று அச்சிட்ட பாக்கெட்டுக்கும் சாதாரணப் பாக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த எண்ணெயும் 340-உம்தான்.

கடையில் தேடும்போது ‘பால்’ என்ற பெயரில் தேடாதீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி சோயா, ஓட்ஸ், பாதாம் பானங்களுக்கு அந்தப் பெயர் போடக் கூடாது. சோயா பானம், ஓட்ஸ் பெவரேஜ், ஆல்மண்ட் டிரிங்க் என்றுதான் இருக்கும்.

‘வெனிலா’, ‘இனிப்பூட்டியது’ என்று இருப்பதைக் காபிக்கு எடுக்க வேண்டாம்.

டிகாக்ஷன் விட்டதும் சோயா பால் திரிந்துவிடுகிறது. ஏன்?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். பால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பால் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்று காரணங்கள் ஒன்றுசேரும்போது திரிகிறது: புளிப்பு, சூடு, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு.

புளிப்பு: சோயா புரதம் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-ஐ ஒட்டிக் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். காபியின் பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது விளிம்பில்தான் நிற்கிறோம். லேசாக வறுத்த அரபிகா கொட்டையில் புளிப்பு அதிகம். நன்றாக வறுத்ததிலும் ரோபஸ்டா கலந்ததிலும் குறைவு. கடையில் காபிப்பொடி அரைக்கும்போது ‘கொஞ்சம் கூடுதலா வறுத்தது, ரோபஸ்டா கலந்து’ என்று கேட்டு வாங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். காலையில் இறக்கிய டிகாக்ஷனை அடுப்போரத்தில் சூடாகவே வைத்திருந்து மாலையில் பயன்படுத்தினால் அதற்குள் புளிப்பு ஏறியிருக்கும். மிச்ச டிகாக்ஷனை ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய டிகாக்ஷனோடு சோயா பாலைச் சேர்க்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சூடு: பால் 70 டிகிரியைத் தாண்டியிருந்து, டிகாக்ஷனும் கொதிக்கக் கொதிக்க இருந்தால் திரிவது உறுதி. டிகாக்ஷனைத் திரும்பச் சூடேற்றும்போது கொதிக்க விடாதீர்கள். பால் 60 டிகிரிக்குள் இருக்கட்டும்.

சுண்ணாம்பு: கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. சோயா பாலில் கால்சியம், மெக்னீசியம் உப்பைப் போட்டுத்தான் டோஃபு (சோயா பனீர்) செய்கிறார்கள். அதே வேலையை உங்கள் டிகாக்ஷன் தண்ணீர் சிறிய அளவில் செய்கிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் என்றால் டிகாக்ஷனுக்கும், வீட்டில் சோயா அரைப்பதற்கும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். பொடியை மாற்றி, பாக்கெட்டை மாற்றி எதுவும் சரிவராமல், கடைசியில் தண்ணீரை மாற்றியதும் சரியாகிவிடுவது இந்தப் பக்கத்தில் சகஜம்.

ஊற்றும் முறையும் முக்கியம். டம்ளரில் டிகாக்ஷனை விட்டு அதன்மேல் பாலை ஊற்றினால், முதலில் விழும் கொஞ்சம் பால் முழுப் புளிப்பையும் சந்திக்கிறது. திரிதல் அங்கேதான் ஆரம்பம். தலைகீழாகச் செய்யுங்கள்: நுரைத்த பால் டம்ளரில் இருக்கட்டும், டிகாக்ஷனை ஓரமாக மெல்லிய தாரையாக விடுங்கள். நுரை மேலேயே நிற்கும், டிகாக்ஷன் கீழே இறங்கிக் கலக்கும்.

ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் திரியாது என்கிறார்களே?

உண்மைதான். 200 மி.லி. சோயா பாலுக்கு விரல்நுனியில் ஒட்டும் அளவு, அதாவது கால் கிராமுக்கும் குறைவாக, சூடேற்றும் முன்பே கரைத்துவிட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும், காபியின் மணமும் செத்துவிடும். பொடியையும் தண்ணீரையும் மாற்றிப் பார்த்த பிறகு, கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் தினமும் இதைச் செய்ய வேண்டாம்.

எவ்வளவு சூடு சரி? வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை.

55 முதல் 60 டிகிரி. சோயாவானால் 62 வரை போகலாம். பசும்பாலைப் பொங்கவிட்டு இறக்கும் கைப்பழக்கம்தான் இங்கே எதிரி. 70-க்கு மேல் சோயாவில் அவித்த பயறு வாடை தூக்கும். முந்திரியும் வீட்டில் அரைத்த ஓட்ஸும் கெட்டிப்படும். பாதாம் பால் மேலே தெளிந்து கீழே மண்டியாகும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் இரண்டு வழி. எவர்சில்வர் குவளையில் சூடேறும்போது வெறுங்கையால் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்க முடியாது என்ற நிலை வந்ததும் நிறுத்துங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் பொடிக்குமிழ் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

இரண்டாவது வழி சோயாவுக்கு மட்டும்: நன்றாகக் காய்ச்சிய கொதிபால் மூன்று பங்கு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் இரண்டு பங்கு. 90 மி.லி.யும் 60 மி.லி.யும் கலந்தால் கணக்குப்படி 62 டிகிரி; ஊற்றும்போது கொஞ்சம் சூடு குறைந்து 60-ஐ ஒட்டி வந்து நிற்கும். முந்திரி, ஓட்ஸ் பாலைக் கொதிக்கவிடக் கூடாது என்பதால் அவற்றுக்கு இந்த வழி ஆகாது.

எந்தக் கருவி வாங்கலாம்? மிக்ஸியே போதாதா?

ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் காபிக்குப் பேட்டரியில் ஓடும் கைப் ஃபிராதர் (முனையில் சுருள் சுற்றிப் பாலை நுரைக்கும் சிறு கருவி) போதும். 150 மி.லி. பாலை 350 மி.லி. பிடிக்கிற உயரமான குவளையில் எடுங்கள். பாதிக்கு மேல் நிரப்பினால் தெறிக்கும். குவளையைக் கொஞ்சம் சாய்த்து, சுருளை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து 10 முதல் 15 விநாடி. காற்று உள்ளே போவது இந்த நேரத்தில்தான். பிறகு சுருளை அடிவரை இறக்கி இன்னொரு 10 விநாடி. இந்த இரண்டாவது பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய குமிழ்கள் உடைந்து பட்டுப்போல் ஆவது அதில்தான். சுருள் முழுகிய பிறகே பொத்தானை அமுக்குங்கள், நின்ற பிறகே வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் சுவர்தான் காபி குடிக்கும்.

பிரெஞ்சு பிரெஸ் (வலை பொருத்திய உலக்கை உள்ள கண்ணாடிக் காபிக் குடுவை) இருந்தால் அதுவே எங்கள் முதல் தேர்வு. சூடாக்கிய பாலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடாமல் ஊற்றி, உலக்கையை மேலும் கீழுமாக 15 முதல் 20 தடவை. முதல் பத்து, பால்மட்டத்துக்கு மேலே வரை இழுத்து; மீதி பாலுக்குள்ளேயே குறுகலாக. கண்ணாடி என்பதால் முதலில் வெந்நீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். ஒரு நிபந்தனை: காபி இறக்குகிற பிரெஸ்ஸையே இதற்கும் வைத்துக்கொண்டால் நுரை வராது. வலையில் ஒட்டியிருக்கும் காபி எண்ணெய் குமிழை உடைத்துவிடும்.

மிக்ஸி நுரை நிறையத் தரும், ஆனால் குமிழ் பெரிது. சூடான பாலை மூடிய ஜாரில் அடித்தால் ஆவி அழுத்தி மூடி எகிறும். கையும் முகமும் வெந்துபோகும் விபத்து இது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடியை மடித்த துணியால் அழுத்திப் பிடித்து, ஒரு விநாடி ஓட்டி நிறுத்துங்கள். அப்படி ஐந்தாறு தடவை. குளிர்ந்த பாலை அடித்துவிட்டுப் பிறகு சூடாக்கலாமா என்றால், நுரை போய்விடும்.

மத்தும் வேலை செய்யும். குறுகலான சொம்பில் 60 டிகிரிப் பாலை விட்டு ஒரு நிமிடம் வேகமாகக் கடைய வேண்டும். சோயாவுக்குச் சரி, மற்றவற்றுக்குக் கைவலிதான் மிச்சம்.

டபராவில் ஆற்றினால் நுரை வராதா?

வரும். ஆனால் பசும்பால் காபியை ஆற்றுகிற மாதிரி டிகாக்ஷன், சர்க்கரை எல்லாம் கலந்துவிட்டு ஆற்றாதீர்கள். பாலை மட்டும் முதலில் ஆற்றுங்கள். ஆற்றும்போது சூடு இறங்கும் என்பதால், சோயா பாலை 70 டிகிரி வரை ஏற்றிவிட்டு, ஒன்றரை அடி உயரத்திலிருந்து நாலைந்து முறை. 60-ஐ ஒட்டி இறங்கும்போது நுரையும் வந்திருக்கும். அதன் பிறகு டிகாக்ஷன். இந்த நுரை பெருங்குமிழ், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். ஃபில்டர் காபிக்கு அதுவே இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்ஸ், பாதாம் பால்களை ஆற்றினால் நுரை வராது.

ஆவிக் குழாய் உள்ள மெஷின் இருக்கிறது. புதுச்சேரி ஒயிட் டவுன் கஃபேக்களில் வருவது மாதிரி வரவில்லையே?

மூன்று விஷயம் பாருங்கள். பால் ஃபிரிட்ஜ் குளிரில், 4, 5 டிகிரியில், இருக்க வேண்டும். இங்கத்து வெயிலில் மேடைமேல் பத்து நிமிடம் கிடந்த பால் நுரை எழும்பும் முன்பே சூடேறிவிடும். குவளையையும் ஃபிரிட்ஜிலேயே வைத்திருங்கள். பாக்கெட்டை நன்றாகக் குலுக்கித் திறந்தீர்களா என்பதும் முக்கியம். சத்தும் புரதமும் அடியில் தங்கியிருக்கும்.

குழாயிலுள்ள தண்ணீரை முதலில் வெளியேற்றிவிட்டு, முனையை மேற்பரப்புக்கு மயிரிழை கீழே வைத்து ஆவியைத் திறங்கள். காகிதம் கிழிகிற மாதிரிச் சத்தம் 2 முதல் 3 விநாடி போதும். பசும்பாலுக்கு எடுக்கும் நேரத்தில் பாதி. தாவரப் பாலில் காற்று அதிகம் போனால் மேலே காய்ந்த நுரைக்கட்டியும் கீழே தண்ணீருமாகப் பிரியும். பிறகு முனையை ஒரு விரற்கடை இறக்கி, ஓரமாகச் சாய்த்து, பால் சுழல விடுங்கள். குவளை கைபொறுக்காத சூடு வந்ததும் நிறுத்தவும். நுரைத்த பாலை உடனே ஊற்றுங்கள். 20, 30 விநாடி நின்றாலும் பிரியத் தொடங்கும்.

வீட்டு மெஷின் தரும் ஆவி கடை மெஷின் அளவுக்கு இருக்காது. அதற்கு ஏற்ற அளவு 120, 150 மி.லி.தான். அரை லிட்டரை ஒரே தடவையில் நுரைக்கப் பார்க்காதீர்கள்.

காபிக்கென்று வீட்டில் சோயா பால் எப்படி எடுப்பது?

குடிக்கிற சோயா பாலைவிடக் காபிக்குக் கெட்டியாக வேண்டும். 100 கிராம் சோயா பீன்ஸ், அரைக்க 700 மி.லி. தண்ணீர். சுமார் 600 மி.லி. பால் கிடைக்கும்.

பீன்ஸை 8 மணி நேரம் ஊறவையுங்கள். சித்திரை, வைகாசியில் வெளியில் வைத்தால் புளித்த வாடை வரும், ஃபிரிட்ஜில் ஊறவைப்பது நல்லது. ஊறிய பீன்ஸைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு 5 நிமிடம் விட்டு வடித்து, தோலைப் பிசைந்து கழுவிவிடுங்கள். பச்சை வாடையை உண்டாக்குவது பீன்ஸிலேயே உள்ள ஒரு நொதி. அரைபடும்போதுதான் அது வேலையைத் தொடங்கும். முன்கூட்டியே சூடு காட்டினால் அடங்கிவிடும். இந்த ஒரு படியைச் செய்தால் ‘சோயா வாடை பிடிக்கவில்லை’ என்ற புகார் பெரும்பாலும் நின்றுபோகும்.

நைசாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, அடிகனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். 80 டிகிரிக்கு மேல் ஏறியதும் நுரைத்துப் பொங்கி வரும். அது கொதி அல்ல, பார்வைக்குத்தான் அப்படி. தீயைக் குறைத்து, நுரை அடங்கிய பிறகு 10 முதல் 15 நிமிடம் கொதிக்க வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. அது போவதற்குத்தான் இவ்வளவு நேரம். இதை மட்டும் சுருக்காதீர்கள்.

சக்கையை அடைமாவில் சேர்த்துவிடலாம்.

பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கிறது. அதில் காபி நன்றாக வருமா?

ருசியில் இதற்கு இணை இல்லை. முழு முந்திரி வாங்க வேண்டியதில்லை, உடைச்ச முந்திரியே போதும். விலையும் குறைவு, பாலில் வித்தியாசமும் தெரியாது. வறுத்தது, உப்புப் போட்டது வேண்டாம். சிக்கு வாடை இருக்கிறதா என்று ஒன்றை மென்று பார்த்து வாங்குங்கள். கடற்காற்றில் திறந்து கிடந்த முந்திரி சீக்கிரம் நமுத்துவிடும்.

60 கிராம் முந்திரியை 2 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, 100 மி.லி. தண்ணீரில் முதலில் வெண்ணெய் போல அரையுங்கள். பிறகு 350 மி.லி. சேர்த்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். எடுத்தவுடனே முழுத் தண்ணீரையும் விட்டால் குருணை நிற்கும், அந்தக் குருணை நுரையை உடைக்கும். ஒரு தடவை துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

முந்திரியில் மாவுச்சத்து கணிசமாக இருப்பதால் 70 டிகிரியைத் தாண்டினால் பாயசப் பதத்துக்குப் போய்விடும். 55-லேயே நிறுத்தி நுரையுங்கள். உயரம் குறைவாக இருக்கும், ஆனால் வழவழவென்று நீண்ட நேரம் நிற்கிற நுரை. உயரமும் வேண்டும் என்றால் முன்னே சொன்ன இரண்டுக்கு ஒன்று சோயாக் கலவை.

வீட்டில் செய்த ஓட்ஸ் பால் கஞ்சியாகிவிடுகிறது.

ஆகத்தான் செய்யும். ஓட்ஸ் மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டிக் குழையத் தொடங்கும். தொழிற்சாலையில் ஒரு நொதியை விட்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள். பாக்கெட் ஓட்ஸ் பால் சர்க்கரை சேர்க்காமலேயே இனிப்பதும், சூடேற்றினாலும் கெட்டியாகாததும் அதனால்.

அந்த நொதி முளைகட்டிய தானியத்தில் இருக்கிறது. நிழலிலோ வெயிலிலோ காயவைத்த, வறுக்காத முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு தேக்கரண்டி எடுங்கள். கடையில் வாங்குகிற வறுத்த ராகி மால்ட்டில் நொதி செத்திருக்கும், பயனில்லை. 80 கிராம் ஓட்ஸைப் பொடித்து, 65 டிகிரி வெந்நீர் 800 மி.லி.யில் மாவோடு சேர்த்துக் கரைத்து, ஃபிளாஸ்க்கில் ஊற்றி 40 நிமிடம் மூடிவையுங்கள். கெட்டி நீர்த்து, லேசாக இனிக்கும். வடித்து, ஒரு கொதி விட்டு நொதியை நிறுத்துங்கள்; மாவுச்சத்து உடைந்துவிட்டதால் இப்போது கொதித்தாலும் கஞ்சியாகாது. 500 மி.லி.க்கு இரண்டு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் விட்டு மிக்ஸியில் ஒரு நிமிடம் அடித்தால் கனம் கிடைக்கும். நிறம் சற்று மங்கலாக இருக்கும். புரதம் அதே 1 சதவீதம்தான் என்பதால் நுரையும் அளவாகத்தான் வரும்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு ஓட்ஸில் மட்டும் பாக்கெட்டே மேல்.

தேங்காய்ப் பால்?

நுரைக்கு ஆகாது. முதல் பாலில் கொழுப்பு மிக அதிகம், குமிழை நிற்க விடாது. 80 டிகிரியில் புரதம் திரண்டு பிரியும். ருசிக்காக வேண்டுமென்றால் மூன்று பங்கு சோயாவுக்கு ஒரு பங்கு இரண்டாம் பால் சேர்க்கலாம். ஐஸ் காபியில் தேங்காய்ப் பால் நன்றாகவே இருக்கும், அங்கே பயன்படுத்துங்கள்.

வேர்க்கடலை, பாதாம்?

வேர்க்கடலையில் நான்கில் ஒரு பங்கு புரதம், அதனால் நுரை வரும். 80 கிராமை மிக லேசாக வறுத்துத் தோல் நீக்கி, 4 மணி நேரம் ஊறவைத்து 500 மி.லி.யில் அரைத்து, 10 நிமிடம் காய்ச்சி வடிக்கவும். கடலை மணம் காபியை மீறும், அது பிடித்தவர்களுக்குத்தான். பாதாம் பால் விலைக்கு ஏற்ற நுரை தராது.

கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டுக்கு வரும்போது, முன்பு அந்தப் பாலை அடித்த ஃபிராதரையும் ஜாரையும் அவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை போடலாமா?

பாலோடு சேர்த்துச் சூடாக்காதீர்கள். வெல்லத்தில் லேசான புளிப்பும் தாது உப்புகளும் உண்டு. பசும்பாலையே திரிக்கக்கூடியது, சோயாவை விடுமா? இரண்டு தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டி, காபி கலந்து, குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கடைசியில் சேருங்கள். வெள்ளைச் சர்க்கரைக்கு இந்தத் தொல்லை இல்லை. டிகாக்ஷனிலேயே கரைத்துவிடலாம்; நுரைத்த பிறகு கரண்டி போட்டுக் கலக்கினால் நுரை போகும்.

காபி தண்ணீராகத் தெரிகிறது. நுரை இருந்தும் திருப்தி இல்லை.

டிகாக்ஷன் போதவில்லை. தாவரப் பாலில் பசும்பாலின் இனிப்பும் கனமும் கிடையாது, காபிதான் தூக்க வேண்டும். 25 கிராம் பொடிக்கு 120 மி.லி. தண்ணீர் விட்டு முதல் டிகாக்ஷன் மட்டும் எடுங்கள். ஒரு பங்கு டிகாக்ஷனுக்கு மூன்று பங்கு பால். இரண்டாம் டிகாக்ஷனைக் கலக்க வேண்டாம்.

நேற்று வந்த நுரை இன்று வரவில்லை. பால் அதே பாக்கெட்தான்.

பெரும்பாலும் குவளையில் எண்ணெய்ப் பிசுக்கோ, பாத்திரம் துலக்கிய சோப்போ ஒட்டியிருக்கும். வெந்நீரில் அலசிப் பாருங்கள். அடுத்து பேட்டரி. சுருள் மெதுவாகச் சுற்றினால் காற்று ஏறாது. மூன்றாவது, ஒருமுறை நுரைத்துச் சூடாக்கிய மிச்சப் பாலையே திரும்ப நுரைக்கப் பார்ப்பது. அது வராது, அதைக் காபியில் சும்மா ஊற்றிவிடுங்கள். பாக்கெட் திறந்து நாள் ஆகியிருந்தாலும் நுரை குறையும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

டெட்ரா பாக்கெட் திறந்த பிறகு ஃபிரிட்ஜில், பாக்கெட்டில் சொன்ன நாளுக்குள். பெரும்பாலும் 3 முதல் 5 நாள். திறந்த தேதியை மேலே எழுதிவிடுங்கள். வீட்டுச் சோயா பால் காய்ச்சியவுடன் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் 2, 3 நாள். முந்திரிப் பால் காய்ச்சாதது என்பதால் அன்றன்றைக்கு. அதிகம் போனால் மறுநாள் காலை வரை. பல மணி நேரம் கரண்ட் போன நாளில் முந்திரிப் பாலையும் தேங்காய்ப் பாலையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்து உருக்கிய பால் பிரிந்துவிடும், நுரைக்கு ஆகாது.

வெயிலுக்குக் குளிர்ந்த காபியில் நுரை வேண்டும்.

இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். சூடு இல்லாததால் திரியும் பயம் பெரும்பாலும் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோயா பால் 80 மி.லி., சர்க்கரை ஒரு தேக்கரண்டி, கைப் ஃபிராதரில் 30 விநாடி. ஃபிராதர் இல்லையென்றால் இறுக மூடும் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு விட்டு ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். டம்ளரில் ஐஸ், ஆறிய டிகாக்ஷன் 50 மி.லி., கொஞ்சம் பால், அதன்மேல் நுரை. சூடான பாலைப் பாட்டிலில் விட்டுக் குலுக்காதீர்கள், மூடி திறக்கும்போது பீறிடும்.

ஃபிராதர் ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறது.

உப்புக்காற்றுதான் காரணமாக இருக்கும். பேட்டரி தொடும் தகடு பச்சை பூத்துவிடுகிறது. ஊருக்குப் போகும்போதும், தினமும் பயன்படுத்தாதபோதும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் போடலாம். கழுவும்போது கைப்பிடியை நனைக்காமல், ஒரு டம்ளர் வெந்நீரில் சுருளை விட்டு ஐந்து விநாடி ஓட்டுங்கள். நுரைத்த உடனே செய்ய வேண்டும். சோயா காய்ந்துவிட்டால் சுருள் இடுக்கிலிருந்து எடுப்பது கஷ்டம். தலைகீழாக நிறுத்தினால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். சுருள் கீழே பார்க்கும்படி ஆணியில் மாட்டுங்கள்.

ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் போட வேண்டும்.

கைப் ஃபிராதரை நம்பாதீர்கள். ஆறாவது டம்ளர் வருவதற்குள் முதல் டம்ளர் ஆறிவிடும். 900 மி.லி. சோயா பாலை 60 டிகிரிக்குச் சூடாக்கி, 600 மி.லி.யை நேராக ஆறு டம்ளரில் பகிர்ந்துவிடுங்கள். மீதி 300 மி.லி.யை மட்டும் ஒரு லிட்டர் பிரெஞ்சு பிரெஸ்ஸில் நுரையுங்கள். ஒவ்வொரு டம்ளரிலும் டிகாக்ஷனை ஓரமாக 50 மி.லி. விட்டுக் கலக்கி, நுரையை அகப்பையால் மேலே போடுங்கள். பிரெஸ் இல்லாத வீட்டில் அந்த 300 மி.லி.யை இரண்டு தவணையாக மிக்ஸியில், மூடியைத் துணியால் பிடித்தபடி.